செம்பேரிக் கரையின் மூன்று சின்ன ஊர்கள்

செம்பேரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால் புவனேஸ்வரி தன் மாவு மில்லின் கூரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வேறு ஊர்களில் ஏரி வற்றினால் விவசாயி கவலைப்படுவான். இங்கே மாவு மில் வைத்திருப்பவள் கவலைப்பட வேண்டியிருந்தது. தண்ணீர் இறங்கினால் மீன்பிடி வரும். மீன்பிடி வந்தால் துண்டுத் தகராறு வரும். தகராறு வந்தால் ஓடைக்கொல்லை முக்கூட்டு ரோட்டில் இருக்கும் அவளுடைய மில்லின் ஓட்டில் கல் வந்து விழும்.

துண்டுத் தகராறு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிக்காடுகளுக்குள் கொஞ்ச தூரம் போனால் செம்பேரி. மேற்குக் கரையில் பெரியமங்கலம், கிழக்குக் கரையில் வடவாய்க்குடி. இரண்டும் பெரிய ஊர்கள். பள்ளிக்கூடம், பேங்க், கல்யாண மண்டபம் என்று ஒன்றுக்கொன்று குறைவில்லை. வைகாசியில் ஏரிக்கரை அய்யனாருக்குப் பூஜை போட்டு, பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய பிறகுதான் சனம் வலையும் கூடையுமாகத் தண்ணீரில் இறங்கலாம். அந்தத் துண்டை வீசும் உரிமை தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது என்று பெரியமங்கலம் சொல்லும். வடவாய்க்குடியும் தன் தாத்தாவைத்தான் சொல்லும். இரண்டு தாத்தாவும் ஒரே துண்டை எப்படி வீசினார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

போன முறை இரண்டு ஊரும் இரண்டு துண்டை வீசின. தண்ணீருக்குள் தொடங்கிய அடிதடி கரைக்கு ஏறி, கரையிலிருந்து ரோட்டுக்கு வந்தது. ரோடு போவதோ தெற்கே இருக்கும் மூன்று சின்ன ஊர்கள் வழியாக: ஆலமேடு, ஓடைக்கொல்லை, புங்கந்தோப்பு. மூன்றையும் சேர்த்தாலும் பெரியமங்கலத்தில் ஒரு தெருவுக்குக் காணாது. அன்றைக்கு மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஓடு நொறுங்கியது, மோட்டார் போயிற்று. புவனேஸ்வரியின் வீட்டுக்காரர் முத்துசாமிக்குத் தோளில் கல் பட்டு, இன்று வரைக்கும் மூட்டை தூக்க முடியவில்லை. மிளகாய் நெடியில் கல் எறிந்தவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆலமேட்டுக்காரர்கள் அப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அதில் குறை சொல்லவும் வழியில்லை. அதற்கு முந்தின மீன்பிடியில் ஆலமேட்டு மலர்கொடியின் மாட்டுக்கொட்டகை எரிந்தபோது, ஓடைக்கொல்லையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தது.

பெரம்பலூரிலிருந்து புது மோட்டார் வந்து இறங்கி, மில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. மகள் இலக்கியாவின் காலேஜ் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்த பெல்ட் சுற்றுவதில்தான் இருந்தன. இன்னொரு முறை மில் உடைந்தால் எழுந்திருக்க முடியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் பெரியமங்கலத்து சின்னதுரை, கேழ்வரகுப் பையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இந்த வருசம் எங்ககூட நின்னுரும்மா. வடவாய்க்குடிக்காரனுக்கு அரைக்காத. ஒன் மில்லுக்கு நாங்க பொறுப்பு" என்றார்.

மறுநாளே வடவாய்க்குடி ஜெயப்பிரகாஷ் வந்தார். அவர் கையில் கம்பு தானியப் பை. பேச்சு மட்டும் அதேதான், ஊர்ப்பெயரைத்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே முத்துசாமி சொன்னார்: "பேசாம பெரியமங்கலத்தோட போயிருவோம் புவனா. ஒரு பக்கம் சாஞ்சிட்டா ஒரு பக்கத்துக் கல்லு மட்டுந்தான வரும்."

"அந்த ஒரு பக்கத்துக் கல்லு டபுளா வருங்க. அப்பறம் பெரியமங்கலத்துக்காரரு சொல்றதுக்கெல்லாம் ஆயுசுக்கும் தலையாட்டணும்."

"அப்ப என்னதான் பண்றது? தனியா நிக்க முடியுமா?"

பதில், கொழுந்தன் பிரேம்குமாரிடமிருந்து வந்தது. பிரேம்குமார் சிங்கப்பூரில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்துவிட்டு வந்தவன். வந்து வருஷம் திரும்பியும் சிங்கப்பூர் அவன் வாயிலிருந்து இறங்கவில்லை. ரசத்தில் உப்புக் குறைந்தாலும் அங்கே எப்படி என்று சொல்வான். அதனால் அவன் தொண்டையைக் கனைத்தபோது முத்துசாமி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அண்ணி, அங்க ஒரு பெரிய மீட்டிங்குக்குக் கொடிக்கம்பம் நட்டோம். ஆசியான் கூட்டமைப்புன்னு சொல்லுவாங்க. பத்துப் பதினோரு நாடு சேந்தது. சிலது நம்ம ஜில்லா தேறாது. இந்தப் பக்கம் சீனா மொறைக்கிறான், அந்தப் பக்கம் அமெரிக்கா மொறைக்கிறான். இவுங்க யாரு பக்கமும் சாயறதில்ல. ரெண்டு பேரோடயும் யாவாரம் பண்ணுவாங்க, ரெண்டு பேரோடயும் பேசுவாங்க."

"சும்மா வுட்டுருவானுவளா?"

"தனித்தனியா நின்னா வுட மாட்டான். சேந்து நிக்கறதாலதான் சார்ங்கிறான். இன்னொண்ணு, அந்தப் பெரிய நாடு ரெண்டும் ஒருத்தன் வூட்டுக்கு ஒருத்தன் போறதுக்கு ஆயிரம் ரோசம் பாப்பானுவ. ஆனா இவுங்க மீட்டிங்னா ரெண்டு பேரும் வந்து ஒரே வரிசையில உக்காருவானுவ."

"அவுங்களுக்குள்ள சண்டையே கெடையாதா?"

"ஏன் இல்ல? தண்ணியில எல்லை, தரையில எல்லைன்னு நெறைய இருக்கு. ஒரு கொடி ஒரு இஞ்சு ஒசந்துட்டாக்கூட வம்பு வந்துரும்னு சூப்பர்வைசர் டேப்ப வச்சிக்கிட்டு எங்க உயிர எடுத்தாரு."

புவனேஸ்வரி அன்று பூராவும் இதையே யோசித்தாள். சிங்கப்பூர்க் கதைகளில் உபயோகமானது ஒன்றாவது இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் பிரேம்குமாரைக் கூட்டிக்கொண்டு புங்கந்தோப்புக்குப் போனாள். அங்கே எதற்கும் செல்லக்கண்ணு முன்னால் நிற்பான். பந்தல் காண்டிராக்ட் எடுப்பவன், இளவட்டம், நல்ல மாதிரி. கேட்டவுடன் சரி என்றான். ஆலமேட்டில்தான் கால் தயங்கியது. மலர்கொடி பால் மாடு வைத்திருப்பவள். அவள் சொல்லை ஆலமேட்டில் யாரும் தட்டமாட்டார்கள். கொட்டகை எரிந்ததிலிருந்து இவளோடு பேச்சு வார்த்தை இல்லை. மாவு அரைக்கக்கூட ஜெயங்கொண்டத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள் மலர்கொடி. ஆனால் உட்காரச் சொன்னாள், மோரும் கொடுத்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாம மூணு பேரு சேந்தா அவனுவ பயந்துருவானுவளா? என்ன வச்சிப் பயமுறுத்துறது, மாவு சல்லடையா?" என்றாள்.

வழி சொன்னது, கூடவே வந்திருந்த செல்லக்கண்ணு. இரண்டு பெரிய ஊருக்கும் டவுனுக்குப் போக இந்த மூன்று ஊர் ரோட்டை விட்டால் நாதியில்லை. முந்திரி லாரி, பால் வண்டி, ஸ்கூல் வேன் எல்லாம் இதில்தான். ரோட்டை மறித்தால் போலீஸ் வரும். ஆனால் ரோட்டில் பந்தல் போட்டால்? காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்று எதையாவது சொல்லிப் பந்தல் நட்டுவிட்டால், நம் பக்கத்தில் பஸ் டிரைவர்கூட ஒரு வார்த்தை பேசமாட்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். இங்கே திருப்பிக்கொண்டு போக வேறு வழியும் கிடையாது. ஒரு ஊரில் கல் விழுந்தால் மூன்று ஊர் ரோட்டிலும் பந்தல் என்று பேசி முடிவானது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பிரேம்குமார் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தான்.

முக்கூட்டு ரோட்டில், மில்லுக்கு எதிரே, இரண்டு ஆள் உயரம். மேலே ஓடைக்கொல்லை என்று தலையணை அளவு எழுத்து. அதன் காலடியில் ஆலமேடு, புங்கந்தோப்பு என்று எறும்பு எழுத்து. முக்கால்வாசி இடத்தைக் கறுப்புக் கண்ணாடியும் கடலுமாக பிரேம்குமாரே அடைத்துக்கொண்டிருந்தான். செல்லக்கண்ணுவின் முகம் ஓரத்தில் ஸ்டாம்பு அளவில் இருந்தது. மலர்கொடிக்கு அதுவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஆலமேட்டிலிருந்து சேதி வந்துவிட்டது: நீங்களே பந்தல் போட்டுக்கொள்ளுங்கள், எங்களை விட்டுவிடுங்கள். பேனரைச் சின்னதுரையும் பார்த்திருக்கிறார். மனுஷன் ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. ஓடைக்கொல்லைக்கு வால் பிடிப்பதைவிட எங்களோடு வாருங்கள், மீனிலும் பங்கு தருகிறோம் என்று மலர்கொடியிடம் ஆளை அனுப்பிவிட்டார்.

"கொடிக்கம்பத்த இஞ்சுக்கு இஞ்சு அளந்து நட்டவன்தானப்பா நீ? ஒன் மூஞ்சிய வக்கும்போது அந்த டேப்பு எங்க போச்சு?" என்று புவனேஸ்வரி கேட்டாள்.

"ஒரு ஆசையில வச்சிட்டேன் அண்ணி" என்றான் பிரேம்குமார். பாவமாகத்தான் இருந்தது. முக்கூட்டு ரோட்டில் தன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் பாவம் பார்க்கிற நேரம் இல்லை. ஊர் பார்க்க, பட்டப்பகலில், அவனையே ஏணி போட்டு ஏறி அவிழ்க்கச் சொன்னாள். சுருட்டிய பேனரை அவன் தலையில் ஏற்றி, ஆலமேட்டுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

மலர்கொடி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "ரெண்டு பெரிய ஊருக்குப் பயந்துதான் ஒங்ககூட வந்தோம். நீங்க மூணாவது பெரிய ஊராவப் பாக்குறீங்க."

"தப்புதான் மலரு. இவன் வச்சான், நான் கவனிக்காம வுட்டேன். எப்படி எழுதணும்னு நீயே சொல்லு. ஒன் ஊருப் பேரையே மொதல்ல போடறோம்."

"அப்பறம் புங்கந்தோப்புக்காரனுக்கு வலிக்குமே. பேனரே வேணாம் போ."

தமிழ்நாட்டில் பேனர் இல்லாமல் நடந்த கூட்டணி அநேகமாக இது ஒன்றுதான் இருக்கும். சின்னதுரை அனுப்பிய ஆளுக்கு மலர்கொடி என்ன சொல்லி அனுப்பினாள் என்பதை அவள் சொல்லவில்லை, புவனேஸ்வரியும் கேட்கவில்லை. பால் கேனை எடுத்துக்கொண்டு மலர்கொடி கிளம்பியபோது, "நாளைக்கு மில்லுல கரண்டு இருக்குமா? அரிசி ஊறப் போடணும்" என்றாள். புவனேஸ்வரிக்கு உயிர் வந்தது.

அடுத்த வேலை, இரண்டு பெரிய மனிதர்களையும் ஓரிடத்தில் உட்கார வைப்பது. அதிகாரிகள் அதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசியிருந்தார்கள். இருவரும் தலையை ஆட்டிவிட்டு வந்து பழையபடி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியமங்கலத்தார் வடவாய்க்குடிக்குள் கால் வைக்கமாட்டார், அவர் இவர் ஊருக்கு வரமாட்டார். மாவு அரைக்க வருவதற்கு மட்டும் யாரும் கௌரவம் பார்ப்பதில்லை. புவனேஸ்வரி சொல்லியனுப்பிய நேரத்துக்கு ஆளுக்கு ஒரு பையோடு மில்லுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. பட்ட பாடு போதும் என்று பிரேம்குமார் நாற்காலிக் கால்களைக்கூட ஒரே கோட்டில் வைத்து, எல்லாம் ஒரே உயரமா என்று குனிந்து பார்த்தான்.

புவனேஸ்வரி, கைக்குள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அண்ணே, நாங்க மூணு ஊரும் ஒங்க ரெண்டு பேருல யாரு பக்கமும் இல்ல. ரெண்டு பேருக்கும் மாவு அரைப்போம், பால் ஊத்துவோம், பந்தல் போடுவோம். எங்க ரோட்டுல கம்பு, கல்லோட யாரும் வரப்புடாது. துண்டு ரெண்டு பேரு கையிலயும் வேணாம். எங்க கையில இருக்கட்டும்."

சின்னதுரை சிரித்தார். "மூணு ஊரும் சேந்தாலும் எங்க மேலத்தெரு தேறாதேம்மா. மாட்டேன்னா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம்ண்ணே" என்றான் செல்லக்கண்ணு, ரொம்பப் பணிவாக. "எங்க அப்பாவுக்குத் தெவசம் வருது. மலர்க்கா வூட்டுல காதுகுத்து. இங்க ஒரு வளைகாப்பு. மூணு ரோட்டுலயும் பந்தல் போடறோம். முந்திரி லாரி போற சீசன்தான், இருந்தாலும் நல்ல காரியமாச்சே. என்னைக்குப் பிரிப்பேன்னு மட்டும் சொல்ல முடியாது."

சின்னதுரையின் சிரிப்பு நின்றது. முந்திரி லாரிகளில் பாதி அவருடையவை. ஜெயப்பிரகாஷுக்கு ஸ்கூல் வேன்கள். இருவரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள், ஒரே வலி வந்தவர்கள் பார்த்துக்கொள்வது மாதிரி.

"சரி, துண்ட ஒங்க மூணு பேருல எவன் வீசுவான்?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ். இதில் இவர்கள் முட்டிக்கொள்வார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. புவனேஸ்வரிக்கும் அதே பயம்தான். பேனரால் பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை.

"புவனா வீசட்டும்" என்றாள் மலர்கொடி.

"பொம்பள வீசறதா?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"நீங்க வீசுனா அவருக்குத் தோல்வி. அவரு வீசுனா ஒங்களுக்குத் தோல்வி. இவ வீசுனா யாருக்குண்ணே தோல்வி?"

பிறகு சின்னதுரை தன் மாவுப் பையைக் கையில் எடுத்தார். ஜெயப்பிரகாஷும் எடுத்தார். அதுதான் சம்மதம். வாய்விட்டுச் சரி என்று சொல்கிற வழக்கம் இரண்டு பேருக்குமே இல்லை.

மீன்பிடி அன்று மில்லைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புவனேஸ்வரி கரைக்குப் போனாள். அந்தப் பூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காவலுக்கு யாரையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற மீன். சின்ன ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வாரக் குழம்பும் கருவாடும். முத்துசாமி துணைக்கு வந்தார். பூஜை முடிந்து துண்டு கைக்கு வந்தபோது இந்தப் பக்கம் ஒரு கடல் தலை, அந்தப் பக்கம் ஒரு கடல் தலை. அய்யனாரே என்று மனதுக்குள் கூப்பிட்டுவிட்டு வீசினாள்.

இரண்டு ஊரும் ஒன்றாக இறங்கின. சேறு கலங்கியது, கெண்டை துள்ளியது, யாரோ ஒருவர் ஒரு விராலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் எல்லாம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் நடு ஏரியில் இரண்டு வலை சிக்கிக்கொண்டு குரல் உயர்ந்தது. சின்னதுரையும் ஜெயப்பிரகாஷும் தண்ணீருக்குள்ளேயே ஓடி ஆளுக்கொரு பக்கம் தங்கள் பையன்களைப் பிடித்துத் தள்ளினார்கள். ஆனால் துண்டு கைவிட்டுப் போன ஆத்திரத்தில் பெரியமங்கலத்து இளவட்டங்கள் கொஞ்சப் பேர் கரை ஏறிவிட்டார்கள். கையில் தடியோடு தெற்கே, ஓடைக்கொல்லை ரோட்டில் ஓடுவது புவனேஸ்வரிக்குக் கரைமேலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அவ்வளவுதான், மில் போயிற்று என்று நினைத்தாள். செருப்பைக்கூட எடுக்காமல் கரையிலிருந்து இறங்கி ஓடினாள். பின்னால் முத்துசாமி கூப்பிட்டது காதில் விழவில்லை. ரோட்டுத் திருப்பத்தில் எதிரே அந்தப் பையன்களே திரும்பி வந்தார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மில் இருந்தது. ஓடு இருந்தது, கண்ணாடி இருந்தது. மில்லைச் சுற்றி நாலு பக்கமும் ஆலமேட்டுக்காரர்களும் புங்கந்தோப்புக்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும் பிள்ளைக்காரிகளும். செல்லக்கண்ணு கதவில் சாய்ந்திருந்தான். மலர்கொடி படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பூஜை ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட்டார்களாம். கொண்டுவந்த கூடைகள் ஓரமாகக் காய்ந்து கிடந்தன. ஏரிப் பக்கமே ஒருவரும் போகவில்லை.

"வந்தானுவ" என்றாள் மலர்கொடி. "எங்களப் பாத்தானுவ. என்னடா வேணும்னேன். தண்ணி வேணும்னானுவ. குடுத்தோம், குடிச்சிட்டுப் போயிட்டானுவ."

புவனேஸ்வரி படியின் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை அடக்கவும் தோன்றவில்லை. இவர்களை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இத்தனை பேர் வருவார்கள் என்று நம்பியிருக்கமாட்டாள். மூன்று வேளைச் சோற்றுக்கும் மகளின் படிப்புக்கும் காவலாக, யார் யாரோ தங்கள் மீனை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் சாமியிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த முத்துசாமி, தோள் வலியை மறந்து ஒவ்வொருவருக்காகக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போனார். பெரியமங்கலத்தோடு போய்விடலாம் என்று சொன்ன மனிதர் அவர்தான்.

"மீனையெல்லாம் வுட்டுட்டு வந்திருக்கீங்களே மலரு" என்றாள் புவனேஸ்வரி. "இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

மலர்கொடி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். குரலில் கோபம் இல்லை.

"ஒண்ணும் செய்ய வேணாம். நாளைக்கு எங்க ஊருப் பக்கம் ஓடியாந்தானுவன்னா, கதவச் சாத்திக்காத."

புவனேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாத்த மாட்டேன்" என்றாள்.